எல்லை தாண்டி ஒரு அந்திக்கள்: புதிதாகப் போகிறவர்களுக்கு

வேலை மாற்றலாகிப் பொள்ளாச்சிக்கு வந்த முதல் சித்திரையில், பகலெல்லாம் வெந்து தணிந்த மொட்டைமாடியில் மாலை ஆறு மணிக்குப் போய் நிற்பேன். மேற்கே மலை நீலமாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். கையில் ஒரு குவளை கள் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. கேரள எல்லையோ அரை மணி தூரம்.

அந்த அரை மணி தூரத்தை ஒழுங்காகப் போய்வர எனக்கு மூன்று தோல்விகள் தேவைப்பட்டன. முதல் முறை கடை மூடுகிற நேரத்தில் போய் நின்றேன். இரண்டாம் முறை குப்பியை வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் காற்று வாங்க உட்கார்ந்து, போலீஸ்காரரிடம் மாட்டினேன். மூன்றாம் முறை என்ன ஆனது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன், வெட்கக்கேடு அது. நான்காம் முறைதான் மாலை மாலையாக அமைந்தது. பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் புதிதாகக் குடிவந்து, இதே ஆசையோடு மேற்கே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 23 வயது ஆகாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு இடையில் நுங்கும் தெளுவும் வரும், அதை மட்டும் படிக்கலாம்.

1. திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்தக் கடை, என்ன சைடு டிஷ் என்பதெல்லாம் அப்புறம். ராத்திரி வண்டியை யார் ஓட்டுவது என்பதற்குப் பதில் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

கள் லேசானது, ஒரு குப்பியில் என்ன ஆகிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நன்றாக மூத்த தென்னங்கள் பியருக்குச் சமமாக நிற்கும், சில நேரம் அதையும் தாண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஊதச் சொல்லும் கருவிக்கு அது கள்ளா பிராந்தியா என்ற பேதம் தெரியாது. எல்லைச் சாலைகளில் இரண்டு பக்கமும் சோதனை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழிகள் மூன்று.

குழுவில் ஒருவர் குடிக்காமல் இருப்பது முதல் வழி. எங்கள் குழுவில் என் மச்சான் இருக்கிறார், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், வறுத்த மீனுக்காகவே வருகிறார். இப்படி ஒருவர் கிடைத்தால் அவரைக் கோவில் கட்டிக் கும்பிடலாம். "நான் ஒரே ஒரு கிளாஸ் மட்டும்" என்கிற ஆளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது பஸ். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டுக்கும், மீனாட்சிபுரம் பக்கமாகக் கொல்லங்கோட்டுக்கும் பஸ் உண்டு. போகும்போது நெரிசல் இருந்தாலும் சிக்கல் இல்லை. திரும்பும்போதுதான் கண்ணைக் கட்டும். இறங்கியதுமே அங்குள்ள டீக்கடையில் "பொள்ளாச்சிக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டு, அதற்கு முந்தைய வண்டியை உங்கள் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாடகைக் கார். இதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டு மஞ்சள் போர்டு வண்டி கேரளத்துக்குள் நுழையப் பெர்மிட், வரி என்று ஒரு செலவு வரும். அகில இந்திய சுற்றுலாப் பெர்மிட் உள்ள வண்டி என்றால் இந்தத் தொல்லை குறைவு. வாடகை பேசும்போதே "பெர்மிட் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறிய அன்று கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் தலையைச் சொறிந்தார்.

2. நாளும் நேரமும்

கேரளத்தில் கள்ளுக்கடை காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுகிறது. கோடை மாலை என்று நாம் நினைப்பது ஏழு மணிக்கு மேல்தான் களைகட்டும். அங்கே அப்போது பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்திருப்பார்கள். நான் முதல் முறை ஏழே முக்காலுக்குப் போய் இறங்கினேன். கல்லாவில் இருந்தவர் கடிகாரத்தைக் காட்டி, "நாளைக்கு வாங்க" என்று நல்ல தமிழில் சொன்னார்.

சரியான கணக்கு இது. நாலரைக்குப் பொள்ளாச்சியை விட்டுக் கிளம்புங்கள். ஐந்தேகாலுக்குள் கடையில் இருங்கள். ஏப்ரலில் சூரியன் மறைய ஆறரை தாண்டும். ஆகவே வெயில் சாய்வது, காற்று மாறுவது, மலை கறுப்பது என்று முழு மாலையும் உங்கள் கண்முன் நடக்கும். ஏழே காலுக்குக் கணக்கைக் கேளுங்கள், ஏழரைக்கு எழுந்துவிடுங்கள்.

சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணம் கள்ளிலேயே இருக்கிறது. காலையில் இறக்கிய கள் மத்தியான வெயிலில் வேகமாகப் புளித்து, மாலைக்குள் காரமாகிவிடும். சாயங்காலம் மரமேறி இறக்குவதுதான் அந்திக்கள். ஐந்து, ஐந்தரை வாக்கில் செத்துக்காரர்கள் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு கடைக்கு வருவார்கள். கள் இறக்குகிறவருக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். பாளையைச் செதுக்குவதைக் குறிக்கிற சொல், வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். அந்தக் கேன் வரும்போது நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

நாட்களில் ஞாயிறு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும், உட்கார இடமும் கிடைக்காது, மீனும் தீர்ந்திருக்கும். செவ்வாய், புதன் அருமை. குழுவில் பியர் வேண்டும் என்கிற ஆள் இருந்தால் மாதத்தின் 1ஆம் தேதியைத் தவிர்த்துவிடுங்கள், அன்று கேரள அரசின் மதுக்கடைகளான பெவ்கோ கடைகள் திறப்பதில்லை. தேர்தல் வந்தால், வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மது விற்பனையே கிடையாது, கள்ளும் அதில் அடக்கம். கோடையில்தான் நமக்குத் தேர்தல்களும் வருகின்றன. காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடை மழை இன்னொரு விஷயம். மத்தியானம் புழுங்கித் தள்ளினால் மாலையில் இடியோடு வந்து கொட்டும். கிழக்கே வெயில் அடிக்கும்போதே மேற்கே மேகம் கறுத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். தென்னந்தோப்பு நடுவில் இடி மின்னலில் மாட்டுவது விளையாட்டில்லை.

3. எந்தப் பக்கம் போவது

புதியவர்களுக்கு நான் சொல்வது கோபாலபுரம் தாண்டி வண்ணாமடை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இது சித்தூர் தாலுகா. கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் கள் போவது பெரும்பாலும் இங்கிருந்துதான், விடியற்காலையில் வேன் வேனாகக் கிளம்பும். ஊற்றுக்கண் பக்கத்திலேயே குடிக்கிற சுகம் வேறு. தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற ஊர்கள் என்பதால் பேச்சுக்கும் சிரமமில்லை. கடையில் பாதிப் பேர் "வாங்க, உக்காருங்க" என்றுதான் வரவேற்பார்கள்.

கண்ணுக்கு அழகு வேண்டும் என்றால் மீனாட்சிபுரம், முதலமடை வழியாகக் கொல்லங்கோடு போங்கள். முதலமடையில் மாந்தோப்புகள், கோடை என்றால் சாலையோரம் மாம்பழக் கூடைகள். கொல்லங்கோட்டை நெருங்கும்போது வயல்களுக்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். சீதார்குண்டு அருவி மழைக்காலத்தில் அங்கிருந்து வெள்ளைக் கோடாகத் தெரியும், கோடையில் பாறைதான். தூரம் கூடுதல், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு முதல் முறைக்கு இது வேண்டாம்.

கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு வேலந்தாவளம் கிட்டம். வாளையார் வழி நெடுஞ்சாலை லாரி இரைச்சல், மாலையை அனுபவிக்கிற இடமாக எனக்குப் படவில்லை.

4. கையில் இருக்க வேண்டியவை

வயதுக்குச் சான்று. கேரளத்தில் மது வாங்கவும் குடிக்கவும் குறைந்தபட்ச வயது 23. தமிழ்நாட்டில் 21 என்பதால் கல்லூரி முடித்த தம்பிகள் இங்கே ஏமாறுகிறார்கள். ஆதார், லைசென்ஸ் ஏதாவது ஒன்றின் அசல் இருக்கட்டும். என்னைப் போல நரைத்தவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, குடிக்காமல் வருகிறவருடைய லைசென்ஸ். செல்போனில் டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும், ஆனால் எல்லையோரத்தில் சில இடங்களில் சிக்னல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் ஊசலாடும், முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கிராமத்துக் கடைகளில் ஜிபே வேலை செய்யாத நாளும் உண்டு, 500 ரூபாயாவது சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கிற டாஸ்மாக் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தமிழ்நாட்டில் விற்பதற்கான சரக்கு கேரளத்தில் பிடிபட்டால் பறிமுதலும் வழக்கும்தான். கள்ளுக்கடைக்குள்ளும் அதைத் திறக்க விடமாட்டார்கள்.

5. கடையை அடையாளம் காண்பது

கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் 'கள்ளு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு முறை பார்த்தால் அந்தச் சித்திரம் மனதில் பதிந்துவிடும். அதிலேயே டி.எஸ். (டாடி ஷாப், அதாவது கள்ளுக்கடை) என்று போட்டுக் கடை எண் இருக்கும். எண் இருந்தால் உரிமம் பெற்ற கடை. அங்கே பேச்சில் 'ஷாப்பு' என்றால் இதுதான்.

தோப்புக்குள் நேரே மரத்தடியில் போய் வாங்கினால் கலப்படம் இருக்காது என்று பொள்ளாச்சியில் யாராவது உங்களுக்கும் காதில் ஓதுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது. கள் இறக்கும் மரத்துக்கு அரசுக்கு வரி கட்டி, எண் போட்டிருப்பார்கள். அந்தக் கள் உரிமம் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். மரத்தடியில் உங்களுக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தால், மாட்டுவது நீங்கள் மட்டுமில்லை, அந்தச் செத்துக்காரரின் பிழைப்பும் சேர்ந்து போகும். அவரிடம் கேட்காதீர்கள். அதே மாதிரி, சாலையோரம் கேனோடு நின்று கூப்பிடுகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். ஸ்பிரிட் கலந்த கள் என்பது இந்த எல்லையில் வெறும் கதையில்லை.

கடையிலேயே கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற வழி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் வைத்திருப்பது எளிய கணக்கு. நல்ல கள் பால் கலங்கிய மாதிரி இருக்கும், மெல்ல நுரைக்கும், புளித்த மாவு வாசம் அடிக்கும். சர்க்கரைக் கரைசல் மாதிரி நாக்கில் ஒட்டுகிற இனிப்போ, ஒரே குவளையில் தலை கனக்கிற போதையோ இருந்தால் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

6. எங்கே உட்காருவது

திறந்தவெளியில் குடிக்க ஆசைப்படுகிறவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் முறை நான் செய்தது இது. கடை உள்ளே இருட்டு, மின்விசிறி சத்தம், எதிரே சுவர். வெளியே இருநூறு அடியில் வாய்க்கால், கரையில் வரிசையாகப் பனைமரங்கள், சூரியன் சரியாக அவற்றுக்கு நடுவில் இறங்குகிறது. யாருக்கும் தோன்றுகிற யோசனைதான் எனக்கும் தோன்றியது. குப்பியை வாங்கிக்கொண்டு, துண்டை விரித்து உட்கார்ந்தேன். பத்து நிமிடம் சொர்க்கம். பதினோராம் நிமிடம் ஜீப்.

உரிமம் இல்லாத பொது இடத்தில் மது குடிப்பது கேரளத்தின் மதுச் சட்டமான ஆப்காரிச் சட்டத்தின் 15சி பிரிவில் குற்றம். வாய்க்கால் கரை, அணைக்கட்டு, ஆற்றுமணல், சாலையோர மரநிழல், நிறுத்தி வைத்த கார் எல்லாம் இதில் வரும். ஆள் நடமாட்டமே இல்லாத வயல்வெளி என்ற வாதம் எடுபடாது. அன்று என்னை வந்து பார்த்தவர் நல்ல மனிதர், குப்பியைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, "குடும்பம் உண்டல்லோ?" என்று மட்டும் கேட்டார். வழக்குப் போட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க முடியாது. எல்லாரும் அப்படி விடமாட்டார்கள்.

ஆகவே வெளிக்காற்று வேண்டும் என்றால் கடையின் எல்லைக்குள்ளேயே வெளிக்காற்று இருக்கிற கடையைத் தேட வேண்டும். அப்படிக் கடைகள் இருக்கின்றன. பின்பக்கம் முற்றம், ஓலைக் கூரை போட்ட திறந்த பந்தல், வயலைப் பார்த்த திண்ணை. முன்வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. உள்ளே போய், "பின்னால காத்தாட உக்கார இடம் இருக்குங்களா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் மேற்கு பார்த்த பெஞ்சைப் பிடியுங்கள். ஐந்தரை வரை கண்ணில் வெயில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த பெஞ்சுக்குத்தான் எல்லாரும் ஆசைப்படுவார்கள்.

தென்னை அடியில் உட்காரும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். பாளையைக் கட்டிக் கள் இறக்குகிற மரத்தில் காய் அதிகம் இருக்காது, ஆனால் பக்கத்து மரத்தில் இருக்கும். காய்ந்த மட்டை எந்த மரத்திலிருந்தும் விழும். கொசு ஆறரைக்கு ஆஜர். ஓடோமாஸ் தடவிக்கொள்வதை யாரும் கேலி செய்ய மாட்டார்கள், நான் தடவினால் பக்கத்து பெஞ்சுக்காரரும் கை நீட்டுகிறார்.

7. என்ன கேட்பது

'கள்' என்று மட்டும் கேட்டால் அப்போது கையில் இருப்பது வரும். மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மதுரக்கள்: இறக்கிய கொஞ்ச நேரத்துக்குள், இனிப்பு முன்னால் நிற்பது. முதல் முறை குடிக்கிறவர்களுக்கு இது. அந்திக்கள்: சாயங்காலம் இறக்கியது, இனிப்பும் புளிப்பும் சரிபாதி. மூத்த கள்: காலையிலிருந்து இருப்பது, புளிப்பும் காரமும். பழகியவர்கள் இதைத்தான் கேட்பார்கள், நீங்கள் அவர்களைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். முட்டியில், அதாவது மரத்தில் கட்டும் பானையில், முந்தைய நாள் கள்ளின் ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருப்பதால் விழுந்த நேரத்திலிருந்தே புளிக்க ஆரம்பிக்கிறது. வெயில் ஏற ஏற வேகமும் ஏறும். ஒரு நாள் தாண்டினால் காடிதான். உங்கள் முன்னால் இருக்கிற குப்பியிலும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது, முதல் குவளைக்கும் கடைசிக் குவளைக்கும் ருசி மாறுவது உங்கள் நாக்கின் கோளாறு இல்லை.

கோடையில் பனங்கள்ளும் கிடைக்கும். தென்னங்கள்ளை விட மணம் தூக்கலாக இருக்கும். என் ஓட்டு பனங்கள்ளுக்குத்தான். அலுவலகத்தில் இதைச் சொன்னால் தென்னைக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

அளவு: ஆளுக்கு ஒரு குப்பி போதும். குளிர்ந்த பியர் மாதிரி மடமடவென்று இறங்காது, வயிற்றில் உப்பசம் கொடுக்கும். முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள். பாலக்காட்டுக் கோடை 40 டிகிரியைத் தொடுகிற நாட்களில் உடம்பு ஏற்கெனவே வற்றிப்போய்த்தான் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த வறட்சியின் மேல் கள்ளை ஊற்றினால் மறுநாள் காலை மண்டையைப் பிளக்கும். சர்க்கரை, தூக்கம், மன அழுத்தம் இவற்றுக்கு மாத்திரை எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. போகிற வழியிலேயே சாலையோரம் நுங்கு வெட்டிக் கொடுப்பார்கள். முட்டியில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கிய பதநீருக்குக் கொங்குப் பக்கம் தெளுவு என்று பெயர், காலை நேரத்தில் தேடினால் கிடைக்கும். சாயங்காலத்துக்கு மோர் கலக்கிய சம்பாரமும் குலுக்கி சர்பத்தும் டீக்கடைகளிலேயே உண்டு. குடும்பத்தோடு போவதென்றால் ஃபேமிலி ரூம் என்று தனியாகத் தடுத்து வைத்திருக்கிற கடையா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். சாதாரணக் கிராமத்து ஷாப்பில் பெண்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை. என் மனைவி ஒரு முறை வந்து, ஃபேமிலி ரூம் என்பது ஜன்னல் இல்லாத அறை என்று கண்டுபிடித்து, "காத்து வாங்கத்தானே வந்தோம்?" என்று கேட்டாள். பதில் இல்லை. அதற்குப் பிறகு பார்சல் மீன் மட்டும்தான் கேட்கிறாள்.

8. சாப்பாடும் செலவும்

கள் மலிவு. பில் ஏறுவது தட்டில்தான். நாங்கள் நான்கு பேர் கடைசியாகப் போனபோது கள்ளுக்கு 400 ரூபாய் சொச்சம், சாப்பாட்டுக்கு ஆயிரத்தைத் தாண்டியது. கள்ளுக்கடைச் சமையலின் காரமும் மிளகும் அப்படி, ஒரு தட்டு அடுத்த தட்டைக் கூப்பிடும்.

நாம் சைடு டிஷ் என்பதை அங்கே டச்சிங்ஸ் என்பார்கள். நம் குச்சிக்கிழங்கு அங்கே கப்பை, பாலக்காட்டுப் பக்கம் கொள்ளி, பூள என்றும் சொல்வார்கள். வேகவைத்த கப்பையும் மீன்குழம்பும் சேர்த்து வாங்குங்கள், வயிற்றுக்கு அடி போட்ட மாதிரி இருக்கும், போதையும் நிதானமாக ஏறும். பீஃப், போட்டி (குடல்), ஈரல், வறுத்த மீன் என்று பலகையில் எழுதியிருக்கும். மீனில் மட்டும் விலையை முதலில் கேளுங்கள். அளவைப் பொறுத்து விலை என்று சொல்லிவிட்டு, முழங்கை நீளத்துக்கு ஒன்றைப் பொரித்துக் கொண்டுவந்து வைப்பார்கள், அதற்கு அப்புறம் பேச முடியாது. சைவம் என்றால் கடலை, அவித்த முட்டையோடு சரி. முட்டையைச் சைவத்தில் சேர்க்காதவர்களுக்குக் கடலை மட்டும்.

9. கொண்டுவர ஆசைப்படாதீர்கள்

மூன்றாம் முறை கதைக்கு வருகிறேன். வீட்டு மாடியில் உட்கார்ந்து குடிக்கலாமே என்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கள்ளை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். கடையில் இருந்த பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, கள்ளுக்கு மூச்சு வேணுங்க. வாயைக் கட்டினா கோவிச்சுக்கும்" என்றார். கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன். வண்ணாமடை தாண்டுவதற்குள் சீட்டுக்கு அடியில் டமால் என்று ஒரு சத்தம். புளிக்கும்போது கிளம்பும் வாயுவுக்கு வெளியே போக வழியில்லை, அடியில் என்ஜின் சூடு வேறு. ஆர்.சி. புத்தகம், மழைக்கோட்டு, மனைவி தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணி எல்லாம் கள்ளில் மிதந்தன.

அது எல்லைக்கு முன்னாலேயே வெடித்தது என் நல்ல காலம். கேரளத்துக்குள் ஒருவர் 1.5 லிட்டர் கள் வரை வைத்திருக்கலாம். அந்த அனுமதி எல்லைக் கோடு வரைதான். கோபாலபுரத்தைத் தாண்டிவிட்டால் ஒரு சொட்டானாலும் அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு, வண்டியும் போகும். கடையில் கொடுத்த பில் இருக்கிறதே என்றால், குற்றத்துக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்த மாதிரிதான்.

பார்சல் வாங்க வேண்டும் என்றால் மீன் வாங்குங்கள், கப்பை வாங்குங்கள். ஏழே காலுக்குச் சொல்லிவைத்தால் கிளம்பும்போது வாழையிலையில் கட்டித் தருவார்கள். பஸ்ஸில் வந்தால் ஜன்னலோர சீட்டைப் பிடித்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ரேக்கில் வைத்தால் குழம்பு முன்சீட்டுக்காரர் தலையில் இறங்கும். அதுவும் நடந்திருக்கிறது.